போய் வருகிறேன்



நம் வீடுகளில் வெளியே புறப்படுகிறவர் "போகிறேன்" என்று சொல்வதில்லை. தவறிச் சொல்லிவிட்டால் பெரியவர்களின் முகம் மாறும். "போயிட்டு வாறன் எண்டு சொல்லு மனே" என்று வாசலில் நிறுத்தித் திருத்துவார்கள். சந்தைக்குப் போனாலும் சரி, வயலுக்குப் போனாலும் சரி, கடல் கடந்து தூரதேசம் போனாலும் சரி, சொல் ஒன்றுதான்: போய் வருகிறேன்.

நாள்தோறும் நாம் சொல்லும் இந்தச் சொல்லை ஒரு தடவையேனும் நின்று யோசித்ததுண்டா? போவது நம் கையில் இருக்கலாம். வருவது நம் கையில் இல்லை. நம் கையில் இல்லாத ஒன்றை, அது நடக்கும் என்ற துணிவோடு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படியிறங்குகிறோம். இதற்கு விசுவாசம் என்பதைத் தவிர வேறு என்ன பெயர் சொல்வது? கோவிலிலே முழங்காலிட்டுச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்திற்கு முன்னரே, வீட்டு வாசலில் நின்று இந்தச் சிறிய விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல நம் தாய்மார் நமக்குப் பழக்கிவிட்டார்கள்.

அப்படியானால் மாலையில் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "தண்ணீர் கொண்டு வா" என்று கேட்கும்போது சொல்ல வேண்டிய சொல்லும் ஒன்று இருக்கவேண்டும் அல்லவா? காலையில் விசுவாசத்தைச் சொன்ன வாய் மாலையில் நன்றியைச் சொல்லுகிறதா? சொன்னாலும், எந்த மாதிரியான நன்றியைச் சொல்லுகிறது? இதைத்தான் இந்த வாரம் உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது ஒரு புத்தகம் அன்று. கச்சான் காற்று அனலாய் வீசிய ஒரு நாளில் வாவியைக் கடந்து நான் போய்வந்த ஒரு சாதாரண அலுவல்தான்.

நம் மட்டக்களப்பு வாவியின் அமைப்பை நீங்கள் அறிவீர்கள். சுமார் 56 கிலோமீற்றர் நீளத்திற்கு நிலத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கிடக்கிறது அந்த நீர்ப்பரப்பு. கடலோரமாகக் கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே கதிரவன் படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் பட்டினமும் கடையும் கந்தோரும் பெரியாசுபத்திரியும். படுவான்கரையில் வயலும் குளமும் மாட்டுப்பட்டியும். ஆகவே ஒரு கரைக்கு மறுகரை இல்லாமல் முடியாது. நெல்லும் தயிரும் இந்தப் பக்கம் வரவேண்டும்; மருந்தும் துணியும் கடிதமும் அந்தப் பக்கம் போகவேண்டும். நமது மக்களின் வாழ்க்கையில் பாதி, இந்த வாவியைக் கடந்து போவதும் வருவதுமாகவே கழிந்திருக்கிறது.

நான் போன அலுவலும் அத்தகையதே. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் குடும்பத்திற்கு நெடுநாள் பழக்கமான ஒரு சைவ மூதாட்டி இருக்கிறார். வருடந்தோறும் சிறுபோக அறுவடை முடிந்ததும் எங்களுக்கு இரண்டு மூடை நெல் தருவது அவர் வீட்டு வழக்கம். நாங்கள் பட்டினத்திலிருந்து அவருக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போவோம். இம்முறை அவருடைய மூக்குக்கண்ணாடியும் கண்ணுக்கு விடும் மருந்தும். உறவினர் ஒருவரின் சிறிய வாகனத்தில் காலை வெயில் ஏறுமுன் புறப்பட்டோம்.

முதலில் கல்லடிப் பாலம். 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாலத்திற்குத் தேசாதிபதி மானிங்கின் துணைவியாருடைய பெயரை வைத்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம் மட்டுமே போகக்கூடிய ஒடுங்கிய பாலம் அது. எதிரே ஒரு பஸ் வந்தால் இந்தப் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். 2013இல் அதன் பக்கத்திலேயே அகன்ற புதிய பாலம் வந்தது. அதைத் தாண்டிக் காத்தான்குடி, ஆரையம்பதி வழியாகப் போய் மேற்கே திரும்பினால் மண்முனைத் துறை. 2014க்கு முன்னர் அங்கே பாலம் கிடையாது. "பாதை" என்று நாம் சொல்லும் தட்டையான படகில்தான் மனிதரும் சைக்கிளும் வாகனமும் ஏறிக் கடக்கவேண்டும். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் வெயிலிலே காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் வாவி பெருகிக் காற்றும் அடித்தால் பாதை நின்றுவிடும். பிள்ளைப்பேற்றுக்குத் துடிக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு பாதைக்காகக் காத்திருந்த கதைகளைப் படுவான்கரையில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தத் துறையில் நானும் இளம் வயதில் மணிக்கணக்காகக் காத்திருந்தவன். பாதை வந்து கரையில் மோதும் சத்தம் கேட்டதும், "அப்பாடா, ஆண்டவரே" என்று மனம் தானாகச் சொல்லும். அன்று புதிய பாலத்தை ஒரே நிமிடத்தில் கடந்துவிட்டோம். நான் கைத்தொலைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். கடந்துவிட்டோம் என்பதே கடந்த பிறகுதான் தெரிந்தது.

வாசகரே, இதைச் சற்றுக் கவனியுங்கள். பாதைக்காகக் காத்திருந்த காலத்தில் நன்றி சொன்னேன். பாலம் கிடைத்த காலத்தில் அதை மறந்தேன். கிடைத்த நன்மை பெரிதான அளவுக்கு நன்றி சிறிதாகிவிட்டது. கெட்ட மனத்தினால் நன்றி மறந்தவர்கள் மிகச் சிலரே. நம்மில் அநேகர் வசதியினால் மறக்கிறோம். குழாயைத் திறந்ததும் தண்ணீர் வருகிறது. அது உன்னிச்சைக் குளத்திலிருந்து எத்தனை கைகளைத் தாண்டி வருகிறது என்று யார் நினைக்கிறோம்?

நமது தமிழ் இந்த இடத்தில் நமக்கு ஒரு நல்ல பாடம் சொல்லித் தருகிறது. "நன்றி" என்ற சொல்லுக்கு முதற்பொருள் நன்மை என்பதே. வள்ளுவர் தமது நூலில் 11ஆம் அதிகாரத்திற்குச் "செய்ந்நன்றியறிதல்" என்று பெயர் வைத்தார். செய்த நன்மையை அறிதல். பார்த்தீர்களா? நன்றி சொல்லுதல் என்று அவர் வைக்கவில்லை, அறிதல் என்று வைத்தார். வாயால் சொல்வது பிறகு. முதலில் அறியவேண்டும். அறியாதவன் ஆயிரம் முறை சொன்னாலும் அது பழக்கத்தினால் வரும் சத்தமே.

அறிவதற்கு ஒரு அமைதி வேண்டும். நமது வாவியில் மீன் பாடுகிறது என்று உலகம் பேசுகிறதே, அதைக் கேட்டவர் எத்தனை பேர்? பூரணை இரவில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்கள் நம் மீனவர்கள். அந்த ஓசையை ஒலிப்பதிவு செய்து இலங்கை வானொலியில் உலகம் கேட்கச் செய்தவர்களில் ஒருவர் இங்கே பணிபுரிந்த இயேசு சபைக் குரு லாங் அடிகளார். அவருக்கு முன்னரும் அந்த ஓசை இருந்தது. பாலத்தின்மேல் ஆயிரம் வண்டிகள் ஓடும்போதும் அது இருக்கிறது. ஓட்டத்தை நிறுத்தித் துடுப்பில் காதை வைக்கிறவனுக்கு மட்டும் அது கேட்கிறது. ஆண்டவருடைய நன்மைகளும் அப்படியே.

இவ்வளவையும் எண்ணிக்கொண்டு, மறந்த நன்றியை மீட்டெடுத்துவிட்டேன் என்ற ஒரு சிறு திருப்தியோடுதான் அந்த மூதாட்டியின் வளவுக்குள் நுழைந்தேன். படலை ஓரத்தில், வேப்பமர நிழலில், ஈரத்துணி சுற்றிய ஒரு மண்பானையும் சிரட்டை அகப்பையும் வழக்கம்போல் இருந்தன. வழியில் போகிறவர் எவரும் குடிக்கலாம். நானும் மொண்டு குடித்தேன். முற்றத்தில் பாயை விரித்து, "வெயிலுக்குள்ள வந்திருக்கிறாய், சுகமா வந்து சேர்ந்தியா மனே?" என்று கேட்டார். நான் உற்சாகமாய்ச் சொன்னேன்: "ஓம் அம்மா, ஆண்டவருடைய கிருபையால் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தோம்."

அவர் புதுக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்: "அப்ப என்ட மகனுக்கு அந்தக் கிருபை கிடைக்கல்லையா மனே?"

அவருடைய மகனை நான் அறிவேன். 1990ஆம் ஆண்டு, போரின் கொடிய மாதங்களில், ஒரு காலை வேளையில் சைக்கிளில் மண்ணெண்ணெய் வாங்கப் புறப்பட்ட பிள்ளை அவன். கையில் இரண்டு போத்தல்கள். புறப்படும்போது "போயிட்டு வாறன் அம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அந்தத் தாய் கேட்டதில் கோபம் இல்லை. அறியாத ஒன்றை அறிந்துகொள்ள விரும்பும் பிள்ளையைப் போலத்தான் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. நான் பேசாமல் இருந்தேன்.

வாசகரே, இந்தக் கேள்வியை நீங்களும் தட்டிக்கழிக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் இதைக் கேட்க உரிமையுள்ளவர்கள் அநேகர். அதே 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்கள் மடிந்தன. செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் மடிந்தன. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் ஞாயிறு காலை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்த நாவலடியைக் கடல் வாரிக்கொண்டு போயிற்று. இவர்களில் யாருக்குக் கிருபை குறைவு? யாருடைய செபம் கேட்கப்படவில்லை?

நம் மறைமாவட்டத்து மக்களுக்கு இன்னொரு பெயரும் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923இல் பிறந்து, இந்த மண்ணுக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தவர் இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகளார். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். ஏழை இளைஞருக்குத் தொழிற்பயிற்சி நிலையம் நடத்தியவர். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கித் தமது ஸ்கூட்டரில் புறப்பட்டார். பின்னால் பேட்ரம் பிரான்சிஸ் என்ற இளைஞர். சுமார் 30 கிலோமீற்றர் வழி. எத்தனையோ தடவை போய்வந்த வழி. இருவரும் வந்து சேரவில்லை. இன்றுவரை அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று நம்மிடம் சொன்னவர் இல்லை. அவருடைய விசுவாசம் என்னுடையதிலும் குறைந்ததா? அந்த இளைஞருக்காகச் செபிக்க யாரும் இருக்கவில்லையா? அப்படிச் சொல்ல எவருக்கும் நா எழாது. ஆகவே, சுகமாக வந்து சேர்ந்ததைக் கிருபையின் அளவுகோலாக வைக்க முடியாது. அப்படி வைத்தால் நான் சொல்லும் நன்றி, வந்து சேராதவர்கள் எல்லாரையும் குற்றவாளிகள் ஆக்கிவிடும்.

அப்படியானால் என்ன செய்வது? சிலர், "எல்லாம் இறைவன் சித்தம்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது உண்மையான வார்த்தைதான். ஆனால் அதை இழந்தவர் சொல்லவேண்டும். இழக்காதவர் இழந்தவருக்கு எடுத்துச் சொன்னால் அது புண்ணில் உப்பு. வேறு சிலர், "இவ்வளவு துன்பம் இருக்கும் உலகில் நன்றி சொல்வதே வெட்கம், பேசாமல் இருப்பதே மேல்" என்பார்கள். இதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆயினும், நான் நன்றியை மறந்துவிட்டால் அந்தத் தாயின் மகன் திரும்பி வந்துவிடுவானா? உலகில் இருக்கும் துன்பத்தோடு என் நன்றிகேடும் சேரும்; அவ்வளவுதான்.

சுவிசேஷத்தில் நன்றி சொன்ன இருவரைக் காண்கிறோம். ஒருவன் பரிசேயன். தேவாலயத்தில் முன்னால் நின்று, தான் மற்ற மனிதரைப் போலவும் அங்கே நிற்கும் ஆயக்காரனைப் போலவும் இல்லையே என்று கடவுளுக்கு நன்றி சொன்னான். அவனும் "நன்றி" என்ற சொல்லைத்தான் சொன்னான்! ஆனால் அந்த நன்றி நிற்பதற்குப் பக்கத்தில் ஒரு தாழ்ந்தவன் தேவைப்பட்டான். "எனக்குக் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை" என்பதுதான் அதன் உள்ளுரை. வாசகரே, நான் அந்த முற்றத்தில் பாயில் உட்கார்ந்து சொன்ன நன்றியிலும் இதன் வாடை சிறிது இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். நன்றியைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை: இழந்தவர் முன்னால் சொல்லக் கூசுகின்ற நன்றியை ஆண்டவர் முன்னால் சொல்லலாமா?

மற்றவன், குணமடைந்த பத்துத் தொழுநோயாளரில் திரும்பி வந்த ஒருவன். நம் வாவியின் நடுவே இருக்கும் மாந்தீவை நீங்கள் அறிவீர்கள். தொழுநோயாளருக்கென வைத்தியசாலை அமைந்திருந்த தீவு அது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகுதான் இந்நோய்க்கு உறுதியான பரிகாரம் உலகெங்கும் பரவியது. அதற்கு முந்திய காலத்தில் தோணியில் ஏறி அங்கே போனவர்கள் "போய் வருகிறேன்" என்று சொல்ல முடியாதவர்கள். சுவிசேஷத்தில் வரும் அந்தப் பத்துப் பேரும் அப்படிப்பட்டவர்களே. சுகம் கிடைத்ததும் ஒன்பது பேர் வீட்டை நோக்கி ஓடினார்கள். அவர்களை ஏசுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. எத்தனை வருடம் பிள்ளையைத் தொடாமல் இருந்தார்களோ! ஒருவன் மட்டும் திரும்பினான். நன்றி சொல்வதற்காக அவன் தன் வழியை மாற்றினான். வீடு போய்ச் சேரும் நேரத்தைத் தாமதமாக்கினான். அவன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துத் தன்னை அளக்கவில்லை. தந்தவரைத் தேடி வந்தான். அவன் யார்? யூதர் அந்நியனென்று ஒதுக்கிய சமாரியன்.

இவற்றிற்கெல்லாம் மேலான நன்றி ஒன்று உண்டு. நாம் ஞாயிறுதோறும் பங்குபெறும் திருப்பலிக்குக் கிரேக்க மொழியில் வழங்கிய பழைய பெயரின் பொருள் நன்றி செலுத்துதல் என்பதே. ஆண்டவர் அப்பத்தைக் கையில் எடுத்து நன்றி செலுத்தினார் என்று ஒவ்வொரு பூசையிலும் கேட்கிறோம். எந்த இரவில் செலுத்தினார்? தாம் காட்டிக்கொடுக்கப்பட இருந்த இரவில். விடிந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த இரவில் சுகமாகத் திரும்பி வந்ததற்காக அவர் நன்றி செலுத்தவில்லை. திரும்பி வராத வழியொன்றில் போகப்போகும் வேளையில், கையில் இருந்த அப்பத்திற்காக, மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்காக, தம்மை அனுப்பிய தந்தைக்கு நன்றி செலுத்தினார். செலுத்திவிட்டு அந்த அப்பத்தைத் தாமே வைத்துக்கொள்ளவில்லை. பிட்டுக் கொடுத்தார். கிறிஸ்தவ நன்றி இந்த இரண்டும் சேர்ந்தது: ஏற்றுக்கொள்ளுதல், பிட்டுக் கொடுத்தல். ஒன்றை விட்டால் மற்றது நிலைக்காது.

இந்த உண்மையை நான் ஞானோபதேசத்தில் சிறு வயதிலேயே படித்திருந்தேன். ஆனால் அன்று அதை எனக்குக் காட்டியவர் ஞானோபதேசம் படிக்காத அந்தத் தாய்தான்.

மாலை நான்கு மணிபோல் நெல் மூடைகளை ஏற்றிவிட்டுப் புறப்பட்டோம். ஒரு சட்டி எருமைத்தயிரை வாழையிலையால் மூடிக்கட்டி மடியில் வைத்துக்கொள்ளும்படி தந்தார். படலை வரை வந்தவர், பானையில் தண்ணீர் குறைந்திருப்பதைக் கண்டு குடத்தைக் கொண்டுவந்து நிரப்பினார். இந்த முதிய வயதில், இந்த வெயிலில், ஏன் இந்த வேலை என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அவன் போன அண்டு நல்ல வெயில் மனே. எங்கேயோ ஒரு படலையில ஆரோ ஒருத்தர் அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பினம் தானே. அவங்க ஆரெண்டு எனக்குத் தெரியாது. தமிழரோ, சோனகரோ, சிங்கள ஆக்களோ. அவங்களுக்கு நான் எப்படிக் கடன் தீர்க்கிறது? அதுதான் இது."

வாசகரே, இந்த வார்த்தைகளைக் கேட்டுச் சற்று நேரம் என்னால் வாகனத்தில் ஏற முடியவில்லை. அப்படி ஒருவர் தண்ணீர் கொடுத்தாரா என்பதற்கு அவரிடம் சான்று எதுவும் இல்லை. தன் மகனின் கடைசி நாளில், மனிதர் மனிதருக்குச் செய்யக்கூடிய கொடுமையெல்லாம் நடந்திருக்கலாம் என்று நினைக்க அவருக்குக் காரணம் உண்டு. இருந்தும், அந்த நாளிலும் ஒரு நன்மை இருந்திருக்கும் என்று அவர் விசுவசிக்கிறார். விசுவசிப்பதோடு நிற்காமல், காணாத அந்தக் கைக்கு முப்பது வருடங்களுக்கு மேலாக நன்றிக்கடன் செலுத்தி வருகிறார். கடன் கொடுத்தவரைக் கண்டுபிடிக்க முடியாதபடியால், வழியில் வருகிற எல்லாருக்கும் செலுத்துகிறார். காலையில் நான் மொண்டு குடித்த தண்ணீர் அந்தக் கடனின் ஒரு பங்கு. என் கிருபைப் பேச்சுக்கு முன்னரே அவருடைய நன்றி என் தொண்டையை நனைத்துவிட்டது!

வைகாசி மாதத்தில் கண்ணகை அம்மன் கோவிலில் குளிர்த்திச் சடங்குக்கு அவர் போவார். நான் பூசைக்குப் போகிறேன். திரும்பி வந்து நன்றி சொன்ன அந்தச் சமாரியனை ஆண்டவர் எடுத்துக் காட்டியது, உள்ளே இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்குப் பாடம் படிப்பிக்கவே. அந்தப் பாடத்தை நான் ஒரு வேப்பமரத்து நிழலில் படித்தேன்.

ஆகவே, அவருடைய கேள்விக்கு என்னிடம் விடை இருக்கிறதா? அவன் ஏன் வரவில்லை என்பதற்கு இல்லை. அதை ஆண்டவரிடமே கேட்கவேண்டும். யோபுவைப் போல உரத்த குரலிலும் கேட்கலாம். ஆனால் என் நன்றியை நான் எப்படிச் சொல்லவேண்டும் என்பதற்கு இப்போது விடை தெரியும். சுகமாக வந்து சேர்ந்தது எனக்குத் தரப்பட்ட பரிசு அல்ல, எனக்குத் தனியாக எழுதித்தந்த சலுகையும் அல்ல. அது என் கையில் ஒப்படைக்கப்பட்ட ஒரு நாள். அதை வைத்து நான் என்ன செய்கிறேன் என்பதிலே என் நன்றி இருக்கிறது.

நமது மண்ணுக்கு விசுவாசத்தின் வித்தை நீர்பாய்ச்சி வளர்த்த இயேசு சபைக் குருக்களின் தந்தை புனித இஞ்ஞாசியார், நாள்முடிவில் ஆத்தும சோதனையை நன்றியிலிருந்து தொடங்கும்படி கற்பித்தவர். பாவத்தை எண்ணுமுன் பெற்ற நன்மையை எண்ணச் சொன்னார். அந்த வழியைப் பின்பற்றி, இந்த வெயில் காலத்து அலுவல்களுக்கு மூன்று சிறிய பழக்கங்களை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

புறப்படும்போது "போய் வருகிறேன்" என்ற சொல்லை அறிந்து சொல்லுங்கள். அரை நொடி வாசலில் நின்று, வீட்டிலிருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவே செபம்.

வழியில் ஒரு கையையேனும் கண்டுகொள்ளுங்கள். பஸ் சாரதி, பாதையை இழுத்துக் கட்டுகிறவர், வெயிலில் தார் ஊற்றுகிறவர், தயிர்ச்சட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறவர். அவர்களில் ஒருவரிடமாவது ஒரு நல்ல வார்த்தை பேசுங்கள். நன்மை எங்கிருந்து வருகிறது என்பதை அறியும் பழக்கம் அங்கே தொடங்கும்.

திரும்பி வந்ததும், அந்தச் சமாரியனைப் போல ஒரு தடவை பின்னோக்கித் திரும்புங்கள். அனுப்பியவருக்கு "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தண்ணீரைக் குடிக்கும்போது, அன்று திரும்பாதவர்களையும், அவர்களுக்காகப் படலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களையும் ஆண்டவர் முன் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அடுத்த அலுவலை அவருக்காகச் செய்துகொடுங்கள்.

அன்று மாலை மண்முனைப் பாலத்திற்கு வந்தபோது வாகனத்தை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். கதிரவன் படுவான்கரையில் இறங்கிக்கொண்டிருந்தான். கீழே, பழைய துறையின் பக்கமாக ஒரு தோணி போய்க்கொண்டிருந்தது. பாதைக்காக நாங்கள் காத்திருந்த இடத்தைப் பார்த்தேன். அந்தப் பிள்ளையும் சைக்கிளோடும் இரண்டு போத்தலோடும் அங்கேதான் நின்றிருப்பான். அவனுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டேன்.

இரவு வீடு சேர்ந்ததும் அந்தத் தாய்க்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். விழித்துக்கொண்டு இருந்திருக்கிறார். "வந்து சேர்ந்துவிட்டோம் அம்மா" என்றேன். கிருபையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"சந்தோசம் மனே" என்றார். "இனி நான் படுக்கிறன்."